முதுநிலைப் பட்டம் பெறுதற்குரிய வழிகள்

பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்த ஓர் ஆசிரியரோ களப்பணியாளரோ மேற்படிப்பைப் பற்றி எண்ணும்பொழுது, எந்தப் பாடத்தைப் பயில்வது என்றும், எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்றும் விசாரிக்கிறார். எவ்வழியில் அப்பட்டத்தை முடிப்பது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. எம்.எஸ்ஸி. என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று கருதிவிடுகின்றனர். உண்மையில், ஒரே பெயருடைய பட்டத்தைப் பல வழிகளில் பெறலாம். அவ்வழிகள் கொள்ளும் காலம் வேறு, செலவு வேறு, பயில்வோரிடம் அவை வளர்க்கும் திறமை வேறு, பின்னர் அவை திறந்துவிடும் வாயில்களும் வேறு.

இவ்வேறுபாட்டை அறிந்து கொள்வது இவ்வெளியீட்டின் வாசகர்களுக்கு இருவகையில் பயன்படும். முதலாவது, அவர்களுடைய சொந்தப் படிப்பு. பணியிலிருப்பவருக்குப் படிப்பு விடுப்பு பலமுறை வாய்ப்பதில்லை. பொருந்தாத வழியில் செலவிட்ட இரண்டாண்டுகளை மீண்டும் பெறுதல் இயலாது. இரண்டாவது, அவர்களை நம்பி வரும் மாணவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் இளைஞன் மேலே என்ன செய்வது என்று கேட்பதற்குத் தன் பள்ளி ஆசிரியரையும், தன் ஊருக்கு வரும் வேளாண்மை அலுவலரையும் அன்றி வேறு யாரையும் அறியான். அவனுக்குக் கூறும் யோசனை சரியானதாக இருத்தல் வேண்டும்.

பட்டம் அளக்கப்படும் முறை

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் நம் நாட்டின் முதல் நவீனப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அவை லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே அவற்றின் தொடக்ககாலப் பணியாயிருந்தன. பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு கல்லூரிகளைச் சார்ந்தது. ஆகவே, ஆண்டிறுதித் தேர்வில் ஒருவர் எழுதும் விடைகளே அவருடைய கல்விக்கு அளவுகோலாக அமைந்தன.

இவ்வளவுகோல் எல்லாத் திறமைகளையும் அளக்க வல்லதன்று என்பதற்குக் கணித மேதை இராமானுஜன் வரலாறே சான்று. கணிதம் தவிர்த்த பிற பாடங்களில் கவனம் செலுத்தாமையால் எஃப்.ஏ. தேர்வில் தேறாத அவர், 1914-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சென்றார். 1916-ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் அவருடைய ஆராய்ச்சியை மதிப்பிட்டு, ஆராய்ச்சி வழியாகவே இளநிலைப் பட்டம் வழங்கிற்று. தேர்வு வழி, ஆராய்ச்சி வழி எனும் இரண்டும் வெவ்வேறு திறமைகளை நாடுகின்றன என்பது இதனால் புலனாகும்.

விடுதலைக்குப் பின்னர் மற்றொரு முறை நம் நாட்டில் வேரூன்றியது. புது டெல்லியில் பூசா என வழங்கும் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1958-ஆம் ஆண்டில் முதுநிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. 1960-ஆம் ஆண்டில் பந்த்நகரில் முதலாவது வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இவை அமெரிக்க வேளாண்மைக் கல்வி முறையைத் தழுவி அமைந்தவை. வகுப்புப் பாடங்கள், ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசனைக் குழு, இறுதியில் ஆய்வேடு என்னும் மூன்றும் சேர்ந்ததே இம்முறை.

இம்முறையில் படிப்பை அளப்பதற்குக் கிரெடிட் என்னும் அலகு பயன்படுகிறது. இன்று ஏறத்தாழ எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இதுவே அளவு. ஒரு பருவத்தில் வாரத்திற்கு ஒரு மணி வீதம் பதினைந்து வாரம் நடைபெறும் விரிவுரை ஒரு கிரெடிட் ஆகும். செய்முறைப் பயிற்சியாயின் வாரத்திற்கு இரண்டு மணி வீதம் முப்பது மணி நேரம் ஒரு கிரெடிட்டாகக் கொள்ளப்படும். வேளாண்மைக் கல்லூரிப் பாடப்பட்டியலில் ஒரு பாடத்தின் எதிரே 2+1 என்று குறிக்கப்பட்டிருந்தால், இரண்டு கிரெடிட் விரிவுரை, ஒரு கிரெடிட் செய்முறை என்பது பொருள். அதாவது 30 மணி விரிவுரையும் 30 மணி செய்முறையும் ஆக 60 மணி நேரம் அப்பாடத்திற்கு உரியன. ஒரு பட்டத்தின் தன்மையை அறிய விரும்புவோர், அதன் மொத்தக் கிரெடிட்டுகளில் பாடத்திற்கு எவ்வளவு, ஆராய்ச்சிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தலே சிறந்த வழி.

மூன்று பெருவழிகள்

அவ்வாறு பிரித்துப் பார்க்குங்கால், முதுநிலைப் படிப்புகள் யாவும் மூன்று வகையுள் அடங்கும்.

முதலாவது பாடவழி. இதில் மாணவர் நான்கு பருவங்களிலும் பாடங்களைப் பயின்று தேர்வு எழுதித் தேறுகிறார். இறுதிப் பருவத்தில் சிறியதொரு திட்டக் கட்டுரை இருத்தலும் உண்டு. எனினும் பட்டத்தின் எடை பாடங்களின் மீதே நிற்கும். கலை அறிவியல் கல்லூரிகளின் எம்.ஏ., எம்.எஸ்ஸி. படிப்புகளும், தொலைநிலைக் கல்வியாக வழங்கப்படும் படிப்புகளும் பெரும்பாலும் இவ்வகையின.

இரண்டாவது பாடமும் ஆய்வும் கலந்த வழி. வேளாண்மை முதுநிலைப் படிப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் குழு 2021-ஆம் ஆண்டில் திருத்தியமைத்த பாடத்திட்டப்படி இதற்கு 70 கிரெடிட்டுகள் உரியன. முதன்மைப் பாடங்களுக்கு 20, துணைப் பாடங்களுக்கு 8, புள்ளியியல் போன்ற உறுதுணைப் பாடங்களுக்கு 6, பொதுப் பாடங்களுக்கு 5, கருத்தரங்க உரைக்கு 1, ஆய்வேட்டுக்கு 30 என அவை பகுக்கப்பட்டுள்ளன. பட்டத்தின் பாதிக்குச் சற்றுக் குறைந்த பகுதி ஆய்வேட்டைச் சார்ந்திருத்தல் காண்க.

மூன்றாவது ஆய்வு வழி. இதில் பாடங்கள் சிலவே. ஓர் ஆய்வுப் பொருளை எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதுவதே முக்கியப் பணி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வழங்கும் ஆராய்ச்சி வழி எம்.எஸ். பட்டம் இத்தகையது. ஆராய்ச்சி நிறுவனங்களிலும் தொழில் நிறுவனங்களிலும் பணிபுரிவோர் வெளிப்பதிவு முறையில் இதில் சேர்தற்கும் அங்கு இடமுண்டு.

பொதுப் பல்கலைக்கழகங்களிலும் இப்பிரிவினை இப்பொழுது வெளிப்படையாகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டச் சட்டகம், இறுதி ஆண்டைப் பாடமாகவோ, பாடமும் ஆய்வுமாகவோ, முழுவதும் ஆய்வாகவோ அமைத்துக்கொள்ள இடமளிக்கிறது. இதனை ஏற்று நடத்துவது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவைப் பொறுத்ததாகும்.

வழிகள் வளர்க்கும் திறமை

இவ்வழிகளுள் எது உயர்ந்தது என்று கேட்பது பொருந்தாது. எது எதற்குப் பயன்படும் என்று கேட்டலே தகும். களப்பணியிலிருந்து ஓர் உதாரணம் காண்போம்.

உத்தரப் பிரதேசத்தின் தராய்ப் பகுதியில் நெற்பயிர் வளர்ச்சி குன்றி, இலைகளில் துருப்போன்ற பழுப்பு நிறம் படர்ந்து அழிந்து வந்தது. அவ்வூர் உழவர்கள் இதனைக் கைரா என்றனர். இது நோய்க்கிருமியால் விளைந்தது போலவே தோற்றமளித்தது. பந்த்நகர் பல்கலைக்கழகத்தின் பயிர் நோய் அறிஞர் ஒய். எல். நேனே, மண்ணில் துத்தநாகச் சத்துக் குறைவதே இதற்குக் காரணம் என்று சோதனைகளால் நிறுவி, 1966-ஆம் ஆண்டில் வெளியிட்டார். துத்தநாக சல்பேட்டை நீற்றிய சுண்ணாம்புடன் கரைத்துத் தெளித்தபோது பயிர் தேறியது.

இந்நிகழ்ச்சியில் மூன்று வகையான அறிவு அடங்கியுள்ளது. இன்று ஒரு களப்பணியாளர் வயலில் அவ்வறிகுறியைக் கண்டு, இது துத்தநாகக் குறைவு என்று அடையாளம் காண்கிறார். காரத்தன்மை மிக்க மண்ணிலும் நீர் தேங்கிய மண்ணிலும் இச்சத்து பயிருக்குக் கிட்டாமற் போவது ஏன் என்பதை அவர் விளக்கவும் கூடும். இவ்வறிவைப் பாடவழி செவ்வையாக அளிக்கும்.

பரிந்துரைக்கப்பட்ட அளவு தம் வட்டாரத்து மண்ணுக்குப் பொருந்துமா என்று அவர் அறிய விரும்பினால், வேறொரு திறமை வேண்டியதாகிறது. எரு இடாத பாத்தி ஒன்று, நான்கு வெவ்வேறு அளவுகளில் எரு இட்ட பாத்திகள் நான்கு, ஆக ஐந்து ஏற்பாடுகளை நான்கு முறை மீண்டும் அமைத்து, இருபது பாத்திகளைக் குலுக்கல் முறையில் வகுக்க வேண்டும். விளைச்சலில் தோன்றும் வேறுபாடு எருவினால் விளைந்ததா, மண்ணின் இயற்கையான ஏற்றத்தாழ்வினால் நேர்ந்ததா என்று கணக்கிட்டுக் கூற வேண்டும். இத்திறமை ஆய்வேடு எழுதும் பயிற்சியில்தான் கைகூடும்.

யாவரும் நோய் என்று நம்பியிருந்ததை, நோய்தானா என்று மறுத்துக் கேட்பது மூன்றாவது படி. இதனை எந்தப் பட்டமும் உறுதியாக அளித்துவிடும் என்று கூறுதற்கில்லை. எனினும் ஆய்வு வழியில் பயின்றவருக்கு அதற்குரிய பழக்கம் அமைகிறது.

ஆசிரியர்களின் நிலை வேறு. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிப்பவருக்குக் கனிம வேதியியல், கரிம வேதியியல், இயற்பிய வேதியியல் ஆகிய மூன்றிலும் பரந்த அறிவு தேவை. ஒரு சேர்மத்தின் ஒரு வினையைப் பற்றி இரண்டாண்டு ஆராய்வதைவிட, முழுப் பாடப்பரப்பையும் ஊன்றிக் கற்பதே அவருக்கு மிகுந்த பயன் தரும். ஆகவே பாடவழி ஆராய்ச்சி வழியினும் தாழ்ந்தது என்னும் எண்ணத்தைக் கைவிடுதல் வேண்டும்.

ஓராண்டு, ஈராண்டு, ஐந்தாண்டு

வழியைப் போன்றே காலமும் இன்று ஒரே அளவினதாக இல்லை. 2024-ஆம் ஆண்டுச் சட்டகப்படி, மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்க்கு முதுநிலை இரண்டாண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்க்கு ஓராண்டு. ஓர் ஆண்டிற்கு 40 கிரெடிட் என்பது கணக்கு. ஈராண்டுப் படிப்பில் சேர்ந்தவர் முதலாண்டை முடித்து விலக நேர்ந்தால், முதுநிலைப் பட்டயம் பெற்று வெளியேறலாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். வேளாண்மை இளநிலைப் படிப்பு நான்காண்டாக இருப்பினும், வேளாண்மை முதுநிலைப் படிப்பு இரண்டாண்டாகவே நடைபெறுகிறது. நான்காண்டு பயின்றுவிட்டோம், ஓராண்டு போதும் என்று வேளாண்மைப் பட்டதாரிகள் கணக்கிட்டுவிடலாகாது. மேலும், பணி நியமன விதிகள் பல, ஈராண்டு முதுநிலைப் படிப்பு மட்டுமே வழக்கிலிருந்த காலத்தில் எழுதப்பட்டவை. ஓராண்டுப் படிப்பில் சேர விரும்புவோர், தாம் நாடும் பதவிக்குரிய விதியில் இரண்டாண்டு என்னும் சொல் உள்ளதா என்று முன்னரே நோக்குதல் நன்று.

பள்ளிப் படிப்பை முடித்த மாணவருக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பும் உண்டு. 2006-ஆம் ஆண்டில் புனேயிலும் கல்கத்தாவிலும் தொடங்கி, பின்னர் மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் ஆகிய இடங்களிலும் அமைந்த இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையங்கள் இதனை வழங்குகின்றன. இவற்றில் ஐந்தாம் ஆண்டு பெரும்பாலும் ஆராய்ச்சிக்கு உரியது. பட்டதாரிகளுக்கு மற்றொரு பாதையும் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் போன்ற இடங்களில், பி.எஸ்ஸி. முடித்தவர் ஒருங்கிணைந்த டாக்டர் பட்டப் படிப்பில் சேர்ந்து, இடையில் முதுநிலைப் பட்டத்தையும் பெறலாம்.

டாக்டர் பட்டத்திற்கு முதுநிலைப் பட்டம் கட்டாயமாக இருந்த நிலையும் மாறியுள்ளது. 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நான்காண்டு இளநிலைப் படிப்பில் 75 விழுக்காடு பெற்றவர் நேராகவே டாக்டர் பட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். முதுநிலை வழியாக வருவோர்க்கு 55 விழுக்காடு தேவை. ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு இவற்றில் சலுகை உண்டு. பாடவழியில் பெற்ற முதுநிலைப் பட்டம் டாக்டர் பட்டத்திற்குத் தடையாகும் என்ற அச்சத்திற்கு இவ்விதிகளில் ஆதாரமில்லை.

பணியிலிருந்துகொண்டே பயிலுதல்

நிற்க. பணியிலிருப்பவர்க்கு எவ்வாறு நேரம் கிடைக்கும் என்பதை இனி ஆராய்வோம். இதற்கு இருவகை ஏற்பாடுகள் உள்ளன.

விடுப்பில் சென்று முழுநேரம் பயில்வது ஒன்று. மத்திய அரசு ஊழியர்க்குரிய 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படி, குறைந்தது ஐந்தாண்டுப் பணி முடித்தவர், தம் கடமைக்குத் தொடர்புடைய படிப்பிற்காகப் படிப்பு விடுப்புக் கோரலாம். பொதுவாக ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மாதமும், பணிக்காலம் முழுவதற்கும் இருபத்துநான்கு மாதமும் என்பது இதன் வரம்பு. திரும்பி வந்து மூன்றாண்டு பணிபுரிவதாக உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தல் வேண்டும். மாநில அரசு ஊழியர்க்கு அந்தந்த மாநில விதிகள் பொருந்தும். பன்னிரண்டு மாத விடுப்பைக் கொண்டு இருபத்துநான்கு மாதப் படிப்பை முடிக்க இயலாது என்பது வெளிப்படை. எஞ்சிய காலத்திற்கு நீட்டிப்போ வேறு விடுப்போ கிடைக்குமா என்பதைச் சேருவதற்கு முன்னரே எழுத்து மூலம் அறிந்துகொள்ள வேண்டும். நடுவில் திரும்பி வந்தோர் பலருக்கு ஆய்வேடு முற்றுப்பெறாமலே நின்றுவிடுகிறது.

பணியை விடாது தொலைநிலையில் பயில்வது மற்றொன்று. 1962-ஆம் ஆண்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிய அஞ்சல் வழிக் கல்வி இதற்கு முன்னோடி. 1985-ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தின்மூலம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதுநிலைப் படிப்புகளைக் குறைந்தது இரண்டாண்டிலும் அதிகம் நான்காண்டிலும் முடிக்கலாம். இவ்விடைவெளி பணியாளர்க்குப் பெரிய உதவி. ஜூன், டிசம்பர் மாதங்களில் பருவ இறுதித் தேர்வுகள் நடைபெறுகின்றன. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் இணையவழிப் பட்டமும் நேர்முறைப் பட்டத்திற்குச் சமமானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியுள்ளது.

ஆயினும் எல்லாப் பாடங்களையும் இவ்வழியில் பயில முடியாது. 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் பொறியியல், மருத்துவம், மருந்தியல், செவிலியம், கட்டடக்கலை, வேளாண்மை, தோட்டக்கலை முதலிய துறைகளில் தொலைநிலைப் பட்டங்களைத் தடை செய்துள்ளன. கையால் செய்து பழக வேண்டிய கலைகளை அஞ்சலில் அனுப்ப இயலாது என்பதே இதன் கருத்து. இதனை அறியாது, வேளாண்மையில் தொலைநிலை முதுநிலைப் பட்டம் தருவதாகக் கூறும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டும் களப்பணியாளர், பணத்தோடு காலத்தையும் இழப்பார். இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களைத் தொலைநிலையில் பயில்வோரும் செய்முறைப் பயிற்சிக்கு ஆய்வுக்கூடம் செல்ல வேண்டியிருக்கும். அந்நாட்களுக்குரிய விடுப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்க.

அண்மைக் கால ஏற்பாடுகள் சிலவும் பணியாளர்க்குப் பயன்படுவன. 2017-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்வயம் இணையப் பாடங்களை, 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பருவத்திற்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை தம் பட்டத்திற்குச் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம். அதே ஆண்டில் அமைந்த கிரெடிட் வங்கியில், முடித்த பாடங்களின் கிரெடிட்டுகள் மாணவர் பெயரில் ஏழாண்டு வரை செல்லுபடியாகும்படி வைக்கப்படுகின்றன. இடமாற்றத்தாலோ குடும்பக் காரணத்தாலோ படிப்பை நிறுத்த நேர்ந்தவர், முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு இது வகை செய்கிறது.

எங்கே தடைப்படுகிறது?

முதுநிலைப் படிப்பில் சேர்வோர் யாவரும் அதனை முடிப்பதில்லை. பாடங்களிற் பின்தங்கியவர் மறுதேர்வு எழுதி முன்னேறலாம். ஆய்வேட்டில் தடைப்பட்டவர்க்கு அத்தகைய எளிய பரிகாரம் இல்லை. ஆய்வு கலந்த வழியைத் தெரிந்தெடுப்போர் மூன்று இடர்களை முன்னறிந்து காத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஆய்வுப் பொருளின் அளவு. நெல் விளைச்சலைப் பெருக்குதல் என்பது ஒரு பொருளன்று. பல தலைமுறை அறிஞர்களின் பணி. ஒரு குறிப்பிட்ட வகை மண்ணில், ஒரு குறிப்பிட்ட நெல் இரகத்திற்கு, துத்தநாகத்தின் நான்கு அளவுகளுள் எது ஏற்றது என்பதே இரண்டாண்டில் முடியத்தக்க பொருளாகும். ஆய்வுப் பொருளை ஒரே வாக்கியத்தில் வினாவாக எழுத முடியுமா என்று பார்க்க. முடியாவிடில் அது இன்னும் சுருங்க வேண்டும்.

இரண்டாவது, பருவம். வயற்சோதனையைக் காரீஃப் பருவத்தில் விதைக்கத் தவறினால் அடுத்த காரீஃப் வரை காத்திருக்க வேண்டும். மழை பொய்த்தாலோ வெள்ளம் வந்தாலோ இதுவே நிலை. ஆகவே முதலாண்டிலேயே ஆலோசனைக் குழுவின் ஒப்புதலைப் பெற்று, ஒரு பருவம் கெட்டாலும் மறு பருவம் கைவசம் இருக்குமாறு திட்டமிட வேண்டும். பள்ளிகளில் விவரம் திரட்டும் ஆசிரியர்க்கும் இதே விதி பொருந்தும். தேர்வுக் காலத்திலும் கோடை விடுமுறையிலும் மாணவர்களைக் கண்டு தகவல் பெற முடியாது.

மூன்றாவது, எழுதுதல். சோதனை முழுவதும் முடிந்த பின் எழுதத் தொடங்கலாம் என்று எண்ணுவோர், பணிக்குத் திரும்பியதும் எழுதுவதற்கு நேரமின்றித் தவிக்கின்றனர். முன்னோர் ஆய்வுகளைத் தொகுத்துக் கூறும் இயலையும், சோதனை முறைகளைக் கூறும் இயலையும் சோதனை நடக்கும்போதே எழுதிவிடலாம். எஞ்சியவை முடிவுகளும் அவற்றின் விளக்கமுமே ஆகும். பணிக்குத் திரும்பும் நாளுக்கு முன்பாக முதற் படியை வழிகாட்டியிடம் ஒப்படைப்பது என்று நாள் குறித்துக்கொள்ளுதல் சாலச் சிறந்தது.

பாடவழியில் பயில்வோர்க்கு இடர் வேறு வகையில் வரும். தொலைநிலையில் பயிலும் ஆசிரியர் பயிற்சிக் கட்டுரைகளைக் கடைசி வாரத்திற்கு ஒத்தி வைத்தால், தேர்வு எழுதும் தகுதியையே இழக்க நேரலாம். வாரத்தில் குறிப்பிட்ட இரு மாலைகளைப் படிப்பிற்கென்று ஒதுக்கி, அதனை வீட்டாரும் அறியச் செய்தல் நல்லது. பெண் ஆசிரியர்க்கு இது மிகவும் முக்கியம். வீட்டுப் பொறுப்பை வீட்டார் பகிர்ந்து கொள்ளாவிடில் நான்காண்டு அவகாசமும் போதாது.

சேருமுன் சரிபார்க்க வேண்டியவை

1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், சட்டத்தின்மூலம் அதிகாரம் பெற்ற நிறுவனங்களுமே பட்டம் வழங்க உரிமையுடையவை. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அக்குழு வெளியிட்டு வருகிறது. தொலைநிலைப் படிப்பாயின், பல்கலைக்கழகம் உண்மையானது என்று அறிதல் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்பிற்கு, அந்தக் குறிப்பிட்ட சேர்க்கைப் பருவத்திற்கு அனுமதி உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, பட்டத்தின் பெயரும் பாடமும் பதவிக்குப் பொருந்துகின்றனவா என்பதைக் காண்க. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்க விரும்புபவர் பெறும் பட்டத்தில், இயற்பியல் என்னும் பெயரே இருத்தல் நலம். அதனோடு ஒத்த வேறு பெயருடைய பட்டமாயின், சமமானது என்ற அரசாணை உண்டா என்று கேட்டறிய வேண்டும். இறுதியாக, பணியிலிருப்பவர் துறைத் தலைவரின் முன் அனுமதியை எழுத்தில் பெறாமல் எந்தப் படிப்பிலும் சேரலாகாது. அனுமதியின்றிப் பெற்ற பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுவதில் தொல்லைகள் நேரும்.

தொகுப்புரை

மேற்கூறியவற்றைச் சுருக்கிக் கூறின், தெரிவு செய்யும் முறை இதுவாகும். முதலில், தம் அன்றாடப் பணியில் எந்த இடத்தில் தம் அறிவு போதாமற் போகிறது என்பதை ஒருவர் தெளிந்துகொள்ள வேண்டும். விளக்கிச் சொல்ல வேண்டிய இடத்தில் அறிவு போதவில்லையாயின், பாடவழி அக்குறையைத் தீர்க்கும். சோதித்து முடிவு காண வேண்டிய இடத்தில் போதவில்லையாயின், ஆய்வு கலந்த வழி தேவை. அதன் பின்னரே காலம், விடுப்பு, செலவு, இடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவ்வரிசையை மாற்றி, எளிதில் கிடைக்கும் இடத்தை முதலில் பிடித்துக்கொள்வோர் பட்டம் பெறுதல் கூடும். அவர்தம் பணியிலுள்ள குறை மட்டும் முன்போலவே நிற்கும்.

பணிமனைக் கூட்டங்களிலும் ஆசிரியர் கூட்டங்களிலும் விவாதித்தற்குரிய வினாக்கள் வருமாறு:

1. உம் வட்டாரத்தில் அடிக்கடி எழும் ஒரு பிரச்சினையைக் கூறுக. அதனைத் தீர்க்க விளக்கும் திறமை வேண்டுமா, சோதிக்கும் திறமை வேண்டுமா?

2. ஒரு பாடத்தின் எதிரே 3+1 என்று குறிக்கப்பட்டுள்ளது. அப்பருவத்தில் அதற்குரிய விரிவுரை நேரம் எவ்வளவு? செய்முறை நேரம் எவ்வளவு?

3. நான்காண்டு வேளாண்மைப் பட்டம் பெற்ற ஒரு களப்பணியாளர், பணியை விடாது வேளாண்மையில் முதுநிலைப் பட்டம் பெற விரும்புகிறார். தொலைநிலைக் கல்வியும் ஓராண்டுப் படிப்பும் அவருக்கு ஏன் பொருந்தா? அவருக்கு எஞ்சியுள்ள வழி யாது?

4. ஒரு மாணவரின் ஆய்வுப் பொருள், கிராமப்புற மாணவரின் அறிவியல் கல்வி என்பதாகும். இதனை இரண்டாண்டில் முடியத்தக்க ஒரே வினாவாகச் சுருக்குக.